‘மட்டும்’ என்னும் இடைச்சொல்

பேச்சிமுத்து அண்ணாச்சி சத்தம் போட்டுப் பேசுகிற மனிதர் அல்லர். வள்ளியூர்க் கடைத்தெருவில் முப்பது ஆண்டுகளாகப் பலசரக்குக் கடை நடத்துகிறவர் அவர். குரலை உயர்த்தினால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார் என்பது அவருக்குத் தெரியும். அப்படிப்பட்டவர் அன்று காலை டாக்டர் சுயம்புலிங்கத்தின் மருத்துவமனைக் கூடத்தில் நின்றுகொண்டு கூரை அதிரக் கத்தினார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அவரால் உட்கார முடியாது என்பதே சிக்கல்.

“என்னன்னு கேளும்மா ஜெயசீலி! பஸ்ஸுல ஏறுனா கண்டக்டர் பய தலையணைய எடுத்துப் போடுதான். ‘அண்ணாச்சி, பாத்து உக்காருங்க’ங்கான். முடிவெட்டப் போனா, துத்தி இலைய விளக்கெண்ணெயில வதக்கிக் கட்டச் சொல்லுதான். எனக்கு மூலம்னு ஊருக்குத் தண்டோரா போட்டது யாரு?”

கூடத்தில் இருந்த ஏழெட்டுப் பேரும் தரையைப் பார்த்தார்கள். அவர்களுக்கும் முன்னமே தெரியும் என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

“என்கிட்ட இருந்து போகல அண்ணாச்சி,” என்றாள் ஜெயசீலி.

“ஒன்னய யாரு சொன்னா? நீ வாய தொறக்க மாட்டேன்னுதானே நான் பத்தொம்பது வருசமா இங்கன வாரேன்.”

அது உண்மை. அந்த வரவேற்பு மேசைக்குப் பின்னால் அவள் உட்கார்ந்து பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. வள்ளியூரில் பாதிப்பேரின் இரத்தக்கொதிப்பு அவளுக்கு மனப்பாடம். யாருடைய மருமகள் எதற்காக வந்தாள், யாருடைய மகன் எந்த மாத்திரை வாங்கினான் என்பதெல்லாம் காதில் விழுந்ததோடு சரி. அவள் வாய்க்கு வந்ததே இல்லை. சொந்தத் தங்கை வந்து துருவியபோதும், “அவுக வந்தாக, போனாக” என்பதற்குமேல் ஒரு சொல் பெயரவில்லை. எந்தச் சட்டமும் அவளுக்கு அதைக் கற்றுக்கொடுத்ததில்லை.

சட்டம் போன ஆண்டுதான் வந்தது. மருத்துவரையும் மேசைக்குப் பின்னால் இருப்பவரையும் இனி நம்புவதற்கில்லை என்று யாரோ எங்கோ உட்கார்ந்து முடிவு செய்தார்கள். யாரும் படிக்காமல் கையெழுத்திடும் ஒப்புதல் படிவங்களை ஒழித்தார்கள். நோயாளி தன் வாயால் சொல்வதே சட்டம் என்றார்கள். ஒவ்வொரு மருத்துவர் அறையிலும் உள்ளங்கை அகலத்தில் ஒரு வெள்ளைப் பெட்டி வந்து உட்கார்ந்தது. நோய்க்குறிப்பு முழுவதும் அதனிடம்தான். டாக்டர்கூட அது காட்டினால்தான் பார்க்கலாம். நோயாளி ஒன்றும் சொல்லாவிட்டால் வெளியார் எவர்க்கும் அது வாய் திறக்காது. ஏதேனும் சொன்னால் அந்தச் சொல்லே எல்லை. அந்த எல்லைக்கு உட்பட்டு, நோயாளிக்கு உதவக்கூடியவர் எவரோ அவர்க்கெல்லாம் அதுவே செய்தி அனுப்பிவிடும். ஒரு நாளில் ஒரு சொல்தான் பதியும். மாற்ற வேண்டுமானால் மறுநாள் வர வேண்டும்.

நோக்கம் நல்லதுதான். ஆனால் அந்தப் பெட்டிக்குக் ‘காப்பாளர்’ என்று பெயரிட்டிருந்தார்கள். அஃறிணைப் பொருளுக்கு உயர்திணைப் பெயரைச் சூட்டியபோதே யாரேனும் எழுந்து தடுத்திருக்க வேண்டும். எவரும் எழவில்லை.

டாக்டர் சுயம்புலிங்கம் அண்ணாச்சியை உள்ளே அழைத்தார். ஜெயசீலியையும் உடன் வரச் சொன்னார். பெட்டியிடம், “இவர் நோயைக் கண்டக்டருக்கு ஏன் சொன்னாய்?” என்று கேட்டார்.

பெட்டியின் விளக்கு எரிந்தது. செய்தி வாசிப்பவரின் குரலில் அது சொன்னது: “இவருடைய சொல்: ‘சம்பந்தி வீட்டுல மட்டும் சொல்லிராதீங்க.’ ‘மட்டும்’ என்பது வரையறுக்கும் இடைச்சொல். தடை சம்பந்தி வீட்டுக்கு வரையறுக்கப்பட்டது. ஏனையோர்க்குத் தடையில்லை. பேருந்தில் அமர்வதற்கு நடத்துநர் உதவக்கூடியவர். சம்பந்தி வீட்டாருக்கு இதுவரை தெரிவிக்கப்படவில்லை.”

“அத வேற பெருமையாச் சொல்லுது பாரு!” என்றார் அண்ணாச்சி.

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“இது சொல்றதுல இலக்கணப் பிழை இல்ல ஜெயசீலி. அதான் கஷ்டமா இருக்கு. ‘இன்னைக்கு மட்டும் கடை கிடையாது’ன்னா, நாளைக்கு உண்டுன்னுதானே அர்த்தம்? ‘பிள்ளைக்கு மட்டும் காரம் போடாதீங்க’ன்னா, பெரியவங்களுக்குப் போடலாம்னுதானே? இதையும் அதே மாதிரி எடுத்துக்கிட்டிருக்கு.”

“அண்ணாச்சி சொன்னது அந்த மட்டுமா டாக்டர்?” என்றாள் ஜெயசீலி. “அது கெஞ்சுத மட்டும்லா.”

கெஞ்சும்போது வருகிற ‘மட்டும்’ எதையும் வரையறுப்பதில்லை. பேசுகிறவன் எல்லாவற்றினும் மேலாக அஞ்சுகிற இடம் எது என்று அது காட்டுகிறது. ஐந்து வயதுக் குழந்தைக்கும் இந்த வேறுபாடு விளங்கும். பெட்டிக்குத் தமிழ் கற்பித்தவர்கள் அதன் கையில் அகராதியைக் கொடுத்துவிட்டு, வேலை முடிந்தது என்று எழுந்து போய்விட்டார்கள். விளைவு, வாயே திறக்காதவர்களின் நோய் பத்திரமாக இருந்தது. மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டு மன்றாடியவர்களின் நோய்தான் தெருவுக்கு வந்தது.

“இந்த மாதிரி ‘மட்டும்’ போட்டுப் பேசுனவங்க எத்தனை பேர்?” என்று டாக்டர் பெட்டியைக் கேட்டார்.

“நாற்பத்தொருவர்.”

அண்ணாச்சி திரும்பிக் கூடத்துப் பக்கம் பார்த்தார். தம் சங்கடத்துக்கு இத்தனை கூட்டாளிகள் இருப்பார்கள் என்று அவர் எண்ணியிருக்கவில்லை.

“எல்லாரையும் கூப்பிட்டு மாத்திச் சொல்ல வைக்கணும்மா,” என்றார் டாக்டர். “இன்னைக்கே. பட்டியல உன் மேசைக்கு அனுப்பச் சொல்றேன்.”

ஜெயசீலி தன் இடத்துக்கு வந்தாள். திரையில் பட்டியல் நிரல் நிரலாக இறங்கியது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே தொலைபேசி எண்ணும் சொன்ன சொல்லும். ‘மாமியாருக்கு மட்டும்’ என்று ஒருத்தி. ‘மூத்தவனுக்கு மட்டும்’ என்று ஒரு கிழவர். ‘வீட்டுல மட்டும்’ என்றவர்களே பாதிக்கு மேல். ஆண்கள் மனைவியை ‘வீட்டுல’ என்று சொல்வது இந்தப் பக்கத்து வழக்கம். நாற்பது வரிகள் இருந்தன. நாற்பத்தொன்றாவது வரி வெற்றாக இருந்தது. அதன்மேல் ஒரு குறிப்பு: ‘இவ்விவரம் தங்களுக்கு இல்லை.’

ஏதோ கோளாறு என்று நினைத்து, மறுபடி உள்ளே போனாள்.

“டாக்டர், ஒரு ஆளு வரலையே.”

டாக்டர் முதலில் பெட்டியைப் பார்த்தார். அதன்பின் அவளைப் பார்த்தார். அவர் முகத்தில் நிறம் மாறியது. “அந்த ஒருத்தர நானே கூப்பிட்டுக்கிடுதேன்,” என்றார்.

“ஏன், எனக்குத் தெறக்காதா?”

யாரும் கேட்காமலே பெட்டி விடை சொன்னது: “இவ்விவரம் கேட்பவர் எவர்க்கும் உண்டு. தங்களுக்கு இல்லை.”

டாக்டர் அதை ஒரு துணியால் மூடினார். துணிக்கடியிலும் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

ஜெயசீலி அங்கேயே நின்றாள். அவளுக்குப் பெரிய கணக்கு ஒன்றும் போட வேண்டியிருக்கவில்லை. ஊருக்கெல்லாம் திறந்து ஒருத்திக்கு அடைத்திருக்கிறது என்றால், யாரோ ஒருவர் தம் வீட்டை விலக்கியிருக்கிறார். அந்த வீடு அவள். அவளை ‘வீட்டுல’ என்று சொல்லக்கூடிய மனிதன் உலகத்தில் ஒருவன்தான்.

ஞானதுரை காற்றாலைக் கம்பெனியில் வேலை பார்க்கிறான். இருபத்திரண்டு ஆண்டுகள் கோபுரம் ஏறிப் பழுது பார்த்தவன், எட்டு மாதமாக ஏறுவதில்லை. “வயசாயிட்டுல்லா, கீழ நின்னு மேற்பார்வை பாக்கச் சொல்லிட்டாக” என்றிருந்தான். அவளும் நம்பினாள். சபையில் பாதிரியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வழக்கத்தைவிட நீளமாகச் செபித்ததும், மீன்காரி நல்ல துண்டாகப் பார்த்து எடுத்துக் கொடுத்ததும் இப்போது வேறு பொருள் கொண்டன. நோயென்று கேள்விப்பட்டால் முகத்துக்கு நேரே கேட்கக்கூடாது என்பது ஊரின் நாகரிகம். அந்த நாகரிகத்தைக் கட்டிக்கொண்டு எட்டு மாதம் எல்லாரும் அவளைச் சுற்றி நடந்திருக்கிறார்கள்.

கூச்சப்படுகிற பெண்கள் கூடத்தில் காத்திராமல் நேரே டாக்டரிடம் போகட்டும் என்று பக்கவாசலைத் திறக்கச் செய்தவளே அவள்தான். ஞானதுரை அந்த வழியாக வந்துபோயிருக்கிறான்.

“என்ன நோவு டாக்டர்?”

“ஜெயசீலி, ரோட்டுல போற யாருக்கு வேணும்னாலும் நான் சொல்லலாம். உனக்குச் சொன்னா இந்தப் பெட்டி மருத்துவமனையவே பூட்டிரும். அதுக்காகக்கூட இல்ல. அவர் உனக்குச் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டாரு. அது மட்டும்தான் அவர் நெசமாவே கேட்டது.”

பத்தொன்பது ஆண்டுகள் அவள் கட்டிக்காத்ததும் அதுதானே.

கூடத்துக்கு வந்தபோது, துப்புரவுப் பணியாளர் சுடலைக்கனி தரை துடைத்துக்கொண்டிருந்தாள். ஜெயசீலியின் முகத்தைப் பார்த்ததும் அவள் கை நின்றது.

“கனி, எங்க வீட்டு அவுகளுக்கு என்னன்னு ஒனக்குத் தெரியுமா?”

கனி துடைப்பானின் கோலைச் சுவரில் சாய்த்தாள். “ஆடி மாசத்துல இருந்தே தெரியும்க்கா. ஒங்களுக்கும் தெரியும்னுல்லா நெனச்சோம். நீங்க பேச்செடுக்காம இருக்கையில நாங்க எப்படிக் கேக்க?” குரலைத் தாழ்த்தினாள். “தெரியாதாக்கா? அய்யோ. நான் சொல்லட்டா?”

ஒரு சொல்தான். கனியின் உதட்டு விளிம்பில் அது நின்றது. ஜெயசீலி கையை உயர்த்தினாள்.

“வேண்டாம். அவுக வாயில இருந்து வரட்டும்.”

“பிடிவாதம் பிடிக்காதீங்கக்கா. நாள் தள்ளுத காரியமில்ல இது.”

“நாள் தள்ளல. இன்னைக்கே வரச் சொல்லுதேன்.”

அவள் மேசையில் உட்கார்ந்து நாற்பது பேரையும் வரிசையாக அழைத்தாள். எல்லாரிடமும் ஒரே வாசகம்: “டாக்டர் சுயம்புலிங்கம் மருத்துவமனையில இருந்து பேசுதேன். நீங்க குடுத்த சொல்ல வேற மாதிரி எடுத்துக்கிட்டிருக்கு. நேர்ல வந்து மாத்திச் சொல்லணும்.” சிலர் திட்டினார்கள். ஒரு பள்ளி ஆசிரியர் மட்டும், “அப்போ எங்க ஹெட்மாஸ்டர் நான் விடுப்புக் கேக்கும்போதெல்லாம் ஏன் உடனே குடுத்தாருன்னு இப்பத்தான் புரியுது. மாத்தித்தான் ஆகணுமா?” என்றார்.

நாற்பதும் முடிந்தன. நாற்பத்தொன்றாவது எண்ணைத் திரை காட்டவில்லை. அவள் விரலுக்கே அது தெரியும்.

“டாக்டர் சுயம்புலிங்கம் மருத்துவமனையில இருந்து பேசுதேன்.”

“என்னட்டி வெளாட்டு இது? வேலையில நிக்கேன்.”

“நீங்க குடுத்த சொல்ல வேற மாதிரி எடுத்துக்கிட்டிருக்கு. நேர்ல வந்து மாத்திச் சொல்லணும்.”

மறுமுனையில் காற்றாடி இறக்கைகள் காற்றை வெட்டுகிற ஒலி வந்துகொண்டிருந்தது.

“யாரு சொன்னா ஒனக்கு?”

“ஒருத்தரும் சொல்லல. அதான் தெரிஞ்சுது. என்னத் தவிர ஊருக்கே தெரியுமாம். மூணு மணிக்கு வாங்க. முன்வாசல் வழியா வாங்க.”

மூன்று மணிக்கு ஞானதுரை வந்தான். அவளைப் பார்த்தான். அவளும், வந்தவர் எல்லாருக்கும் கொடுப்பதுபோல டோக்கன் சீட்டைக் கிழித்துக் கொடுத்தாள். அவனுடைய கணுக்கால் செருப்பு வாருக்கு மேலே வீங்கியிருப்பது அப்போதுதான் அவள் கண்ணில் பட்டது. வீட்டில் அவன் எப்போதும் கைலியைத் தரையளவு இறக்கிக் கட்டுவான்.

அவன் உள்ளே போய்க் கால்மணி ஆகியிருக்கும். அறைக்குள்ளிருந்து அவன் குரல் உயர்ந்தது. டாக்டர் நடந்ததை விளக்கியிருக்க வேண்டும். “கம்பெனிக்காரனுக்கும் தெரியும், கறிக்கடைக்காரனுக்கும் தெரியும், எம் பொண்டாட்டிக்குத் தெரியாதா?” என்று அவன் கத்தியது கூடம் முழுக்கக் கேட்டது. “எழுதிக்கோ! எம் வீட்டுல மட்டும் சொல்லு. வேற ஒருத்தனுக்கும் கிடையாது!”

கதவு திறந்தது. ஞானதுரை வெளியே வந்து, அவளைப் பார்க்காமல் பெஞ்சில் உட்கார்ந்தான். “நீ போய் வாசி,” என்றான். “நீ வாசிக்கையில பாத்துக்கிட்டிருக்க என்னால ஆகாது.”

உள்ளே டாக்டர் இரண்டு கைகளையும் விரித்தபடி உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிரே திரை வெறுமையாக இருந்தது.

“ஒருத்தனுக்கும் கிடையாதுன்னாருல்ல? அந்த ஒருத்தன்ல நானும் சேத்தி. நாளைக்குத்தான் மாத்த முடியும். நாகர்கோவில் பெரியாஸ்பத்திரிக்கு இன்னைக்கே கடிதம் போகணும். அளவெல்லாம் இப்ப உனக்குத்தான் காட்டும். நீ வாசி, நான் எழுதிக்கிடுதேன்.”

எட்டு மாதம் அவளுக்கு மூடியிருந்த கதவு இப்போது உலகத்தில் அவளுக்கு மட்டுமே திறந்திருந்தது. அவள் நோயாளி நாற்காலியில் உட்கார்ந்து திரையைத் தன்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“இரண்டு சிறுநீரகமும் சுருங்கியிருக்கு,” என்று வாசித்தாள். கிரியாட்டினின் அளவை மாதவாரியாகச் சொன்னாள், மாதந்தோறும் ஏறியிருந்தது. டயாலிசிஸ் தொடங்க வேண்டும் என்ற குறிப்பு ஆறு வாரத்துக்கு முன்பே இருந்தது. மாற்றுச் சிறுநீரகம் பற்றிய பத்திக்கு எதிரே, ‘குடும்பத்தாரிடம் கேட்க நோயாளிக்கு இசைவில்லை’ என்றிருந்தது. அதையும் வாசித்தாள்.

அதன்கீழே அவன் முதல்நாள் சொன்ன சொல் முழுதாக இருந்தது. பெட்டி ஓர் எழுத்தும் விடாமல் பதிந்திருந்தது.

‘வீட்டுல மட்டும் சொல்லிராதீங்க டாக்டர். தெரிஞ்சா, என்னுதை எடுத்துக்கோன்னு முன்னாடி வந்து நிப்பா. தங்கச்சிய வளத்தா, எங்கம்மைக்குப் பீ மூத்திரம் அள்ளுனா, ரெண்டு பிள்ளையப் படிக்க வச்சா. இன்னும் அவகிட்ட இருந்து எடுக்கதுக்கு என்ன மிச்சம் இருக்கு?’

ஜெயசீலி வாசிப்பதை நிறுத்தினாள். ஒரு முறை படித்தாள். இன்னொரு முறை படித்தாள்.

“அப்புறம் என்ன போட்டிருக்கு?” என்று டாக்டர் பேனாவோடு காத்திருந்தார்.

“அது வீட்டு விஷயம் டாக்டர். கடிதத்துக்கு வேண்டாம்.”

டாக்டர் தலையசைத்தார். கடிதத்தை முடித்துக் கையெழுத்திட்டார். அவர் நிமிர்ந்தபோது, ஜெயசீலி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு, இடது கையை மேசைமேல் நீட்டி வைத்திருந்தாள்.

“எனக்கும் ஒரு சீட்டு எழுதுங்க. இரத்தம் சேருமான்னு பாக்கணும்.”

“ஜெயசீலி, அவசரப்படாத. உனக்கும் நாப்பத்தெட்டு...”

“பாக்கத்தானே கேக்கேன்.”

புதுக் குறிப்பு தொடங்குவதை உணர்ந்து பெட்டியின் விளக்கு எரிந்தது. “புதிய நோயாளி. இதை எவரெவர் அறியலாம்? தங்கள் சொல்?”

அவள் எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். “இந்தாருங்க, உள்ள வாங்க.”

ஞானதுரை வந்து நின்றான். டாக்டர் முன்னால் இருந்த வெற்று இரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்ததும் அவனுக்கு விளங்கிவிட்டது. “ஏட்டி, இதுக்குத்தானே நான் வாய மூடிக்கிட்டுக் கெடந்தேன்! ஒத்துக்கிட மாட்டேன்.”

“நீங்க ஒத்துக்கிடணும்னு யாரு கேட்டா? என்கிட்ட என்ன மிச்சம் இருக்குன்னு கேட்டீகளாம். வாசிச்சேன். மிச்சம் இருக்கதையும் இல்லாததையும் நான்லா சொல்லணும்? நீங்களாக் கணக்கு முடிச்சா எப்படி?”

“ஜெயா...”

“உக்காருங்க மொதல்ல. கால் வீங்கியிருக்கு.”

அவன் உட்கார்ந்தான். பெட்டி தன் கேள்வியை மறுபடி கேட்டது: “தங்கள் சொல்?”

ஜெயசீலி அதன் பக்கம் திரும்பினாள்.

“நாங்க பேசிட்டு வந்து சொல்லுதோம்.”

தமிழில் ‘நாம்’ என்பது கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும், ‘நாங்கள்’ சேர்த்துக்கொள்ளாது. அகராதி படித்த பெட்டிக்கு இது தெரிந்திருந்தது. அது தன் விளக்கை அணைத்துக்கொண்டது. டாக்டர் சுயம்புலிங்கமும் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்தார். தம் அறைக் கதவைத் தாமே வெளியிலிருந்து சாத்திவிட்டு, ஜெயசீலியின் மேசையில் போய் உட்கார்ந்தார். கூடத்தில் பதினோரு பேர் காத்திருந்தார்கள். அடுத்த எண்ணை அவர் கூப்பிடவில்லை.